ராதாரிச் சீட்டு

பயணக் கட்டுரை எழுதுகிறவர்களில் பாதிப் பேர் தொலைந்துபோவது பற்றி எழுதுகிறார்கள். பெயர் தெரியாத ஊரில் இறங்கி, யாரிடமும் எதுவும் சொல்லாமல் டீ குடித்து, கால் போன போக்கில் நடந்து, கிடைத்த பஸ்ஸில் ஏறிப்போன கதைகள். நானும் அவற்றை ஆசையாகப் படிக்கிறவன்தான். ஆனால் அந்தக் கட்டுரையாளர் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்த வழியைக் கொஞ்சம் பாருங்கள். ரயில் என்றால் ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கு, 2025 ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்க்காத கணக்கில் ஆன்லைனில் தத்கால் எடுக்க முடியாது. கார் என்றால் ஃபாஸ்டேக். 2021 பிப்ரவரி நடுவிலிருந்து தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் கட்டாயம், எந்தச் சாவடியை எத்தனை மணிக்குக் கடந்தார் என்பதுவரை பதிவு. விமானம் என்றால் முகம். லாட்ஜ் என்றால் ஆதார் ஜெராக்ஸ். இவ்வளவையும் வழிநெடுகக் கொடுத்துவிட்டு, கடைசியில் மலை உச்சியில் நின்று 'தொலைந்துபோனேன்' என்று எழுதுகிறோம்.

இதைப் பேச ஆரம்பித்தால் உடனே ஒரு பதில் வரும். ஆபீஸ் நண்பர், மாமா, இன்ஸ்டாகிராமில் புத்தகப் படம் போடும் தம்பி, எல்லோரிடமிருந்தும் அதே பதில். "நமக்கு மறைக்க என்னங்க இருக்கு? தப்புப் பண்றவன்தான் பயப்படணும்." இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிரானது. அதைச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. எந்தச் சோதனைச் சாவடியிலும் "நீங்க போங்க சார்" என்று அனுப்பப்பட்டே பழகியவர்கள், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் அந்த வாக்கியத்தைச் சொல்வதற்கு முன்னால் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு நடை போய்வர வேண்டும். 1871-இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த குற்றப் பழங்குடிகள் சட்டம், 1911-இல் திருத்தப்பட்ட பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு ஆள் என்ன செய்தான் என்பது அதற்கு முக்கியமில்லை. எந்தச் சாதியில் பிறந்தான் என்பது போதும். பிறமலைக் கள்ளர்கள் மீது அது பாய்ந்தபோது வயது வந்த ஆண்கள் கைரேகை கொடுத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. மக்கள் வாயில் அதற்குப் பெயரே ரேகைச் சட்டம். ராத்திரியில் போலீஸ் கண்ணில் படும் இடத்தில் வந்து படுக்க வேண்டும். வெளியூர் போக வேண்டுமென்றால், எங்கே போகிறான், எதற்குப் போகிறான், எப்போது திரும்புவான் என்று சொல்லிச் சீட்டு வாங்க வேண்டும். அதுதான் ராதாரிச் சீட்டு. தங்கச்சி கல்யாணத்துக்குப் போகவும் சீட்டு, சந்தைக்கு மாடு ஓட்டிப் போகவும் சீட்டு. 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று மறுத்தவர்கள்மேல் போலீஸ் சுட்டது. பெண் ஒருவரும் அடங்க, பதினாறு பேருக்குக் குறையாமல் செத்தார்கள்.

ராதாரி என்ற சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. ராஹ் என்றால் வழி. முகலாயர் காலத்தில் சாலைச் சுங்கத்துக்கே ராஹ்தாரி என்று பெயர். (ஃபாஸ்டேக்குக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறவர்கள் கவனிக்கலாம்.)

பெருங்காமநல்லூர்க்காரர்களுக்கு மறைக்க என்ன இருந்தது? சீட்டில் எழுதினால் தங்கச்சி கல்யாணம், சந்தை, கோயில் கொடை என்றுதான் எழுதியிருப்பார்கள். அதில் ஒரு ரகசியமும் கிடையாது. "என் தங்கச்சி கல்யாணத்துக்குப் போறதை உங்கிட்ட நான் ஏன்யா சொல்லணும்?" என்பதுதான் விஷயம். அந்தக் கேள்விக்குத்தான் துப்பாக்கியால் பதில் வந்தது. அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இலும் நாடு முழுவதும் 1952-இலும் ஒழிந்தது.

ஒழிந்ததா? பத்து வருஷம் கழித்து உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. உத்தரப்பிரதேசத்தில் கரக் சிங் என்பவரைக் கொள்ளை வழக்கில் பிடித்து, சாட்சியம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். விட்ட கையோடு அவர் பெயரில் ஒரு ஹிஸ்டரி ஷீட் திறந்தார்கள். ராத்திரியில் கதவைத் தட்டி வீட்டில் இருக்கிறாரா என்று பார்ப்பது, ரகசியமாக வீட்டைக் காவல் காப்பது, அவர் ஊரைவிட்டுப் போனால் எங்கே போனார் என்று காவலர் எழுதி வைப்பது, போன ஊர்ப் போலீசுக்குச் சீட்டு அனுப்பி வந்தாரா என்று சரிபார்ப்பது. 1962 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ராத்திரியில் கதவைத் தட்டக் கூடாது என்றார்கள். ஆனால் அவர் போவதையும் வருவதையும் கவனித்து எழுதி வைப்பதில் தப்பில்லை, அதனால் அவர் நடமாட்டம் ஒன்றும் தடைபடவில்லையே என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள்.

மாறுபட்டவர் நீதிபதி சுப்பா ராவ்; நீதிபதி ஷா அவரோடு நின்றார். சுப்பா ராவ் ஒருகாலத்தில் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தவர். அவர் கேட்டது எளிமையானது. ஒருவனை நிழல்போலத் தொடர்ந்துகொண்டே இருந்தால், அவன் உடம்பு நகரலாம். அதைச் சுதந்திரமாக நடமாடுவது என்று சொல்ல முடியுமா? நடமாடுவது என்பது காலை எடுத்து வைப்பது மட்டும்தானா? பாதி இந்தியாவில் மின்சாரமே வராத காலத்தில் எழுதியது அது. பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பதற்கும் போலீஸ் குறித்து வைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை. 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். கரக் சிங் தீர்ப்பில் அதை மறுத்த பகுதி செல்லாது என்றும் சொன்னார்கள். சுப்பா ராவ் ஐம்பத்தைந்து வருஷம் கழித்து ஜெயித்தார்.

ஜெயித்தார் என்று நாம் புத்தகத்தில் படிக்கிறோம். விமான நிலையத்தில் நிலைமை வேறு. ஒரு பெரிய விமான நிலையத்தின் வாசலில் என்னிடம் நடந்தது இது. கையில் டேப்லெட்டோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். "சார், போர்டிங் பாஸ் குடுங்க. இங்க கொஞ்சம் பாருங்க." பார்த்தேன். படம் எடுத்து முடித்துவிட்டார்.

"எதுக்கும்மா இது?"

"டிஜி யாத்ரா சார். சீக்கிரம் உள்ள போயிடலாம்."

"எனக்கு வேணாம்னா?"

"வேணாம்னா அந்த லைன் சார்." கை காட்டிய வரிசை வாசலைத் தாண்டி வெளியே நின்றது.

அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவர் வேலை அது. இப்படிக் கேட்காமலே முகம் பிடிக்கிறார்கள் என்ற புகார் பல ஊர்களில் எழுந்து, சம்மதம் வாங்கித்தான் சேர்க்க வேண்டும் என்று அமைச்சகமே சொல்ல வேண்டிவந்தது. டிஜி யாத்ரா 2022 டிசம்பர் 1-ஆம் தேதி தில்லி, பெங்களூரு, வாரணாசியில் தொடங்கி மற்ற ஊர்களுக்கும் வந்த திட்டம். நடத்துவது டிஜி யாத்ரா ஃபவுண்டேஷன் என்ற இலாப நோக்கற்ற நிறுவனம். அதில் அரசின் விமான நிலைய ஆணையத்துக்கு 26 சதவீதம். மீதி தில்லி, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத், கொச்சி விமான நிலைய நிறுவனங்களுக்கு. இந்த அமைப்பின் அழகே அதுதான். கேள்வி கேட்டால் இது அரசுத் துறை இல்லை, தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வராது. நம்பச் சொல்லும்போது மட்டும் அமைச்சர் வந்து திறந்துவைத்த அரசுத் திட்டம்.

முகத்தின் விவரம் உங்கள் போனிலேயே இருக்கும், பறக்கும் விமான நிலையத்துக்கு மட்டும் போகும், விமானம் கிளம்பி 24 மணி நேரத்தில் அழிந்துவிடும் என்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான், நம்ப விரும்புகிறேன். ஆனால் திட்டத்தின் கொள்கை ஆவணத்திலேயே, பாதுகாப்பு முகமைகளுக்கும் பிற அரசு அமைப்புகளுக்கும் அப்போதைக்கு இருக்கும் நடைமுறைப்படி பயணியின் தரவைத் தரலாம் என்று ஒரு சந்து விட்டுவைத்திருக்கிறார்கள். அழிந்ததை வெளியிலிருந்து யார் சரிபார்த்தார்கள்? 2024-இல் செயலியையே மாற்றினார்கள். பழையதை நீக்கிவிட்டுப் புதியதை இறக்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். பழையதில் இருந்ததைப் பற்றிக் கேட்டவர்களுக்கு 'எல்லாம் பத்திரம்' என்பதுதான் பதில்.

முகத்தை விடுங்கள், அதையாவது கண்ணால் பார்க்கிறோம். வெளிநாட்டுப் பயணத்தில் நடப்பது கண்ணுக்கே தெரியாது. 2022 ஆகஸ்ட் 8-ஆம் தேதி பயணிப் பெயர்ப் பதிவு பற்றிய ஒழுங்குமுறைகளை மத்திய அரசு வெளியிட்டது. அதன்படி இந்தியாவுக்கு வரும், இந்தியாவிலிருந்து போகும் ஒவ்வொரு பயணியின் முன்பதிவு விவரத்தையும் விமான நிறுவனம் புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பே சுங்கத் துறையின் மையம் ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். பெயர், போன் நம்பர், பணம் கட்டிய விவரம், எந்த ஏஜென்ட், எந்த சீட், எத்தனை பெட்டி, அதே டிக்கெட்டில் கூட வருவது யார், என்ன சிறப்பு வசதி கேட்டார். ஐந்து வருஷம் வைத்திருப்பார்கள். அதன் பிறகும் பெயரை மறைத்து வைப்பார்கள். தேவைப்பட்டால் மறைத்ததை எடுக்கலாம். மற்ற துறைகளுக்குக் கொடுக்கலாம், மற்ற நாடுகளுக்கும் கொடுக்கலாம்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இனம், மதம், உடல்நிலை போன்றவற்றைக் காட்டும்படி இந்தத் தரவை ஆராயக் கூடாது என்று அதே விதிகளில் இருக்கிறது. ரொம்ப நல்லது. பயணியின் பெயரும் அவர் முன்கூட்டிச் சொல்லிவைத்த சாப்பாடும் கையில் இருக்கிறது, சக்கர நாற்காலி கேட்டதும் இருக்கிறது. பிறகு எதைத் தனியாக ஆராய வேண்டும்?

என் வாதம், அரசாங்கம் நாளைக்கே நம்மையெல்லாம் பிடித்து உள்ளே போடும் என்பதல்ல. அப்படிப் பேசுகிறவர்கள் இந்த விஷயத்தைக் கெடுக்கிறார்கள். ஒரு காரணத்துக்காகச் சேர்த்த பயணக் கணக்கு அந்தக் காரணத்தோடு நிற்காது என்பதுதான் நான் சொல்வது. இதற்குச் சதி எதுவும் வேண்டாம், ஒரு ஆபீசரின் நல்லெண்ணமே போதும். 2022 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. ஒரு டெண்டர் விட்டது. பயணிகளின் தரவை எப்படிக் காசாக்கலாம் என்று ஆலோசனை சொல்ல ஆள் தேடினார்கள். 1000 கோடி ரூபாய்வரை வருமானம் வரும் என்ற கணக்கு அப்போது செய்திகளில் அடிபட்டது. ஆராய வேண்டிய தகவல்களின் பட்டியலில் பெயர், வயது, போன் நம்பர், முகவரி எல்லாம் இருந்தன. லாகின், பாஸ்வேர்டுகூட இருந்தது! எதிர்ப்பு கிளம்பியதும் நாடாளுமன்றக் குழு கூப்பிட்டது, டெண்டரை வாபஸ் வாங்கினார்கள். அதற்கு முன்பே மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிம விவரங்களை மொத்தமாக விற்கக் கொள்கையே வைத்திருந்தது. விற்றுப் பல கோடி சம்பாதித்தது. 2020-இல்தான் அந்தக் கொள்கையைக் கைவிட்டார்கள். நீங்கள் லைசென்ஸ் எடுத்தது வண்டி ஓட்ட.

விற்றது போகட்டும், சும்மாவே வெளியில் போட்டதும் உண்டு. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது, வெளிநாட்டிலிருந்து வந்து வீட்டில் தனித்திருப்பவர்களின் முகவரிகளைக் கர்நாடக அரசு பட்டியலாக இணையத்தில் ஏற்றியது. எந்தத் தேதியில் எந்த நாட்டிலிருந்து வந்தார்கள் என்பதோடு, வீட்டு எண்வரை. எதற்கு? பக்கத்து வீட்டுக்காரர் கண்காணிக்கட்டும் என்று. அந்த வருஷம் இங்கே இ-பாஸ் இருந்தது, நினைவிருக்கும். மாவட்டம் தாண்டக் காரணம் எழுத வேண்டும். கல்யாணம், சாவு, மருத்துவ அவசரம். காதலியைப் பார்க்க, மனசு சரியில்லை, அம்மா ஞாபகம் என்றெல்லாம் கட்டம் கிடையாது. பெருந்தொற்றுக் காலத்தில் அதற்கு ஒரு நியாயமாவது இருந்தது, ஆகஸ்ட் கடைசியோடு எடுத்தும் விட்டார்கள். ஆனால் 'காரணம்' என்ற அந்தக் கட்டத்தை எவ்வளவு சுலபமாக நிரப்பப் பழகினோம் என்று இப்போதும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

பூட்டிப் பத்திரமாக வைத்திருப்பார்கள் என்றால், 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள மென்பொருளுக்குள் வெளியாள் புகுந்து, எடுத்த தகவலை விற்பனைக்கு வைத்த செய்தியைத் தேடிப் படியுங்கள். புகுந்தது ஒரு பயனர் கணக்கின் பாஸ்வேர்டு வழியாக. பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளலாம். முகத்தை?

இப்போது லாட்ஜுக்கு வருவோம், நம் வாசகர்களுக்கு நெருக்கமான இடம். ரிசப்ஷனில் ஒரு நீள நோட்டு இருக்கும். பெயர், அப்பா பெயர், எங்கிருந்து வருகிறீர், எங்கே போகிறீர், வந்த காரணம். எல்லோரும் 'சொந்த வேலை' என்று எழுதுகிற கட்டம் அது. அதற்குமேல் ஆதார் ஜெராக்ஸ் ஒன்று நோட்டுக்குள் சொருகப்படும். 2022 மே மாதக் கடைசியில் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஒரு அறிவிப்பு வெளியிட்டது: ஆதார் நகலை யாரிடமும் கொடுக்காதீர்கள், தவறாகப் பயன்படுத்தக்கூடும், உரிமம் இல்லாத ஹோட்டல்கள் அதை வாங்கவே கூடாது. இரண்டே நாளில் மத்திய அரசு அதை வாபஸ் வாங்கியது, மக்கள் தவறாகப் புரிந்துகொள்வார்களாம். அந்த இரண்டு நாள்தான் உண்மை பேசினார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அந்த நோட்டை யார் பார்க்க முடியும் என்று யோசியுங்கள். 2019-இல் கோவையில் கல்யாணமாகாத ஒரு ஜோடி தங்கியிருந்ததையும் ஒரு காரணமாகச் சொல்லி ஒரு விடுதிக்குச் சீல் வைத்தார்கள். அப்படித் தங்குவதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் திறந்தது. சாதி தாண்டிக் காதலித்து ஊரைவிட்டுக் கிளம்பும் இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் செய்வது சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. ஆனால் 'மறைக்க' வேண்டியிருக்கிறது, உயிர் போகிற அளவுக்கு. பெண்ணின் அப்பாவுக்கு ஸ்டேஷனில் ஒரு சொந்தக்காரர் போதும். டிக்கெட் எந்த ஊருக்கு, வண்டி எந்தச் சாவடியைத் தாண்டியது, எந்த லாட்ஜில் பெயர் எழுதினார்கள். இதைத் தெரிந்துகொள்ள அவருக்கு மத்திய உளவுத்துறை எதற்கு? தமிழ்நாட்டில் பயணத்தின் அந்தரங்கம் என்பது முதலில் சாதிப் பிரச்சினை. நம் இலக்கிய உலகில் இதை மேல்தட்டு நகரவாசிகளின் கவலை என்று ஒதுக்குகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்.

லாட்ஜ் நோட்டு ஒரு இனத்துக்கு எதிராகத் திரும்பியதையும் தமிழர்கள் பார்த்திருக்கிறோம். 2007 ஜூன் 7-ஆம் தேதி கொழும்பு லாட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் போலீஸ் எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி, வவுனியா பக்கம் அனுப்பியது. மருந்துக்கு வந்தவர்கள், விசாவுக்குக் காத்திருந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள். வந்த காரணம் சரியில்லை என்று முடிவுசெய்தது போலீஸ். மறுநாளே இலங்கை உச்ச நீதிமன்றம் தடுத்தது. எந்த லாட்ஜில் எந்தத் தமிழர் இருக்கிறார் என்று அன்று ராத்திரி யாரும் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. போலீசில் பதிவு செய்துகொள்ளச் சொல்லி முன்பே வாங்கி வைத்திருந்தார்கள். (மறுபக்கத்தில் புலிகளும் தங்கள் பகுதியைவிட்டுப் போகிறவர்களுக்குப் பாஸ் வைத்திருந்தார்கள். சீட்டு கொடுக்கும் ஆசை ஒரு கொடிக்கு மட்டும் சொந்தமானதல்ல.)

"அப்ப தீவிரவாதியை எப்படிப் புடிக்கிறது?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகுதான் ரயில், விமானம், குடிவரவு, வங்கி என்று எல்லாத் தகவலையும் இணைக்கும் நாட்கிரிட் யோசனை வந்தது. டேவிட் ஹெட்லி இந்தியாவுக்குப் பலமுறை வந்து போனது யார் கண்ணிலும் படவில்லையே என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். ஆனால் ஹெட்லியை மணந்திருந்த பெண்கள் இருவர், அவர்மேல் சந்தேகம் இருக்கிறது என்று தாக்குதலுக்கு முன்பே அமெரிக்க அதிகாரிகளிடம் போய்ச் சொல்லியிருந்தார்கள். ஆள் வந்து நேரில் சொன்னதையே கேட்காத அமைப்பு, கோடிப் பேரின் சாப்பாட்டுப் பட்டியலை வைத்து எதைக் கண்டுபிடிக்கும்?

கேமராவே கூடாது, பதிவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கோகுல்ராஜ் கொலை வழக்கில் திருச்செங்கோடு கோயில் கேமராப் பதிவு இல்லையென்றால் சாதிவெறியர்கள் தப்பியிருப்பார்கள். அது குற்றம் நடந்த பிறகு, ஒரு வழக்குக்காக, ஒரு இடத்தின் பதிவை நீதிமன்றத்தின் முன் வைத்தது. எல்லோருடைய பயணத்தையும் முன்கூட்டியே சேர்த்து வைத்துப் பின்னால் சந்தேகிப்பது வேறு. முதலாவதில் போலீஸ் நீதிபதிக்குக் காரணம் சொல்கிறது. இரண்டாவதில் நான் போலீசுக்குக் காரணம் சொல்கிறேன்.

பட்டியலில் தப்பு நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது. ரஹீனா இப்ராஹிம், ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ச்சி செய்த மலேசியப் பெண். 2005 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் கைவிலங்கு மாட்டினார்கள். பிறகு விசாவும் போயிற்று. காரணத்தைச் சொல்ல மாட்டோம், அரசு ரகசியம் என்று அமெரிக்க அரசு வருஷக்கணக்காக வாதாடியது. 2014-இல் தீர்ப்பு வந்தபோதுதான் தெரிந்தது: ஒரு எஃப்.பி.ஐ. அதிகாரி ஒரு படிவத்தில் டிக் போட வேண்டிய கட்டத்தை மாற்றிப் போட்டுவிட்டார். ஒரு பேனாக் கீறலைக் கண்டுபிடிக்க ஒன்பது வருஷம், அதுவும் விடாமல் வழக்கு நடத்தியதால். அங்கே அவருக்கு அந்தக் கீறலையாவது காட்டினார்கள்.

இங்கே 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. கடைக்காரர் என் போன் நம்பரைத் தவறாகப் பயன்படுத்தினால் அதில் வழி உண்டு. ஆனால் அதன் 17-ஆம் பிரிவின்படி, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைச் சொல்லி எந்த அரசு அமைப்பையும் மத்திய அரசே விலக்கி அறிவிக்கலாம். நம் பயணத்தை அதிகம் சேர்ப்பது யாரோ, அவர்கள் வெளியே போக ஒரு வாசல். அதே சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தையும் திருத்தி, தனிநபர் தகவல் என்று சொல்லி அதிகாரிகள் பதில் மறுப்பதைச் சுலபமாக்கியிருக்கிறது. அவர்களுக்கு அந்தரங்கம் வேண்டுமாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. என் பயணப் பதிவை எந்த அதிகாரி, எந்தத் தேதியில், எந்த வழக்குக்காகத் திறந்து பார்த்தார் என்று ஒரு வரி. விசாரணை கெடும் என்றால் ஒரு வருஷம் கழித்துச் சொல்லுங்கள், காத்திருக்கிறேன். வங்கி என் கணக்கிலிருந்து பத்து ரூபாய் எடுத்தால் மெசேஜ் அனுப்புகிறது, ஆகவே இது தொழில்நுட்பத்தால் முடியாத காரியம் இல்லை. வழக்கு இல்லாத பதிவை ஐந்து வருஷம் எதற்கு வைக்க வேண்டும், ஐந்து வாரம் போதாதா என்பதற்கும் பதில் வேண்டும். சீட்டு வாங்கியவனிடம் காரணம் கேட்டு எழுதினீர்களே, பார்க்கிறவரிடமும் அந்தக் கட்டத்தை நிரப்பச் சொல்லுங்கள். 'சொந்த வேலை' என்று எழுதினால் ஏற்க முடியாது.

அதுவரைக்கும் விமான நிலையத்தில் நான் அந்த நீள வரிசையில்தான் நிற்கிறேன். அடையாள அட்டையைக் காவலர் கையில் கொடுக்கிறேன். அவர் என்னைப் பார்க்கிறார், அட்டையைப் பார்க்கிறார், திருப்பிக் கொடுக்கிறார். இருபது நிமிஷம் கூட ஆகிறது. அந்த வரிசையில் ஆள் குறைந்துகொண்டே வருகிறது. நின்றால் நீங்களும் வந்து நில்லுங்கள், பேசிக்கொண்டு போகலாம்.